சுருட்டு அணைவதற்குள்

அத்தியாயம் பதினான்கு

மகள் மதியின் பிரசவ நேரத்தில் உடனிருக்க மருமகன் அம்புரோஸ் கேட்ட விடுப்பைத் திருமலை மறுத்ததைச் சென்ற வாரம் கண்டோம். "புள்ள பொறக்கற எடத்துல ஆம்பளைக்கு இன்னா வேலை? நாளிக்கு நாலாம் நம்பர் டேங்க்கு முடிச்சாவணும்" என்றார் அவர். அம்புரோஸ் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனான்.

விடியற்காலையில் மதிக்கு வலி எடுத்தது. திருமலையின் மனைவி ராஜாத்தியும், அம்புரோஸின் தாய் அடைக்கலமேரியும் அவளை ஆட்டோவில் ஏற்றி ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் இருவரும் வேலைக்குப் போனார்கள். காலடிப்பேட்டையில் ஒரே பேருந்தில்தான் ஏறினார்கள். ஒருவர் முன்படியில், மற்றவன் பின்படியில். எண்ணூர்ச் சாலையில் ஒரே நிறுத்தத்தில் இறங்கிப் பத்தடி இடைவெளி விட்டு நடந்தார்கள்.

அந்தப் பத்தடிக்கு வயது ஒன்றரை. காத்திவாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளையான அம்புரோஸை மதி யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று பிறந்த இடைவெளி அது. ராஜாத்தியின் கண்ணீருக்குப் பணிந்து, தாம் மேஸ்திரியாக இருக்கும் குழுவில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் திருமலை. அதற்குமேல் அவர் இறங்கவில்லை. அவனைப் பெயர் சொல்லியும் அழைக்க மாட்டார்; அவனுடைய பித்தளை அடையாள வில்லையில் பொறித்திருந்த எண்ணைச் சொல்லி, "ஒம்பது" என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை அவன் வாய்தவறி எல்லார் முன்னிலையிலும் "மாமா" என்று அழைத்துவிட்டான். "யாருக்கு யாருடா மாமா?" என்று திருப்பிக் கேட்டார். அன்று முதல் அவனும் "மேஸ்திரி" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

இன்று அந்தப் பத்தடியைக் கடந்துவிடுவதென்று திருமலை முடிவு செய்திருந்தார். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நேரே அவனிடம் போக வேண்டும். "மாப்ளே" என்று கூப்பிட்டு, அந்தச் செய்தியைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்தான். ஆனால் ஒன்றரை ஆண்டாகத் தொண்டைக்குள் கிடந்து துருப்பிடித்த சொல். அதை வெளியே எடுக்கத் துணையாக ஒரு பொருளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

அது ஒரு கியூபா நாட்டுச் சுருட்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன், துறைமுகத்தில் கப்பல் தொட்டி கழுவும் வேலையில் இருந்தபோது, தொட்டிக்குள் மயங்கி விழுந்த கிரேக்க நாட்டுக் கப்பல் பொறியாளர் ஒருவரைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தார் திருமலை. கப்பல் புறப்படும்முன் அந்த மனிதர் இதைக் கையில் திணித்து, உன் வாழ்வின் பெரிய நாளில் பிடி என்று சைகையில் பாதியும் ஆங்கிலத்தில் பாதியுமாகச் சொன்னார். காய்ந்துவிடக் கூடாது என்றும் சொன்னார். ஆகவே அலுமினியக் குழலோடு அதைத் தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் புதைத்து வைத்தார். மதியின் திருமணத்தன்று பிடிப்பதாக எண்ணம். திருமணம் அவரைக் கேளாமலே நடந்து முடிந்தது. சுருட்டு மணலிலேயே கிடந்தது.

கிடங்கின் வாயிலில் காவல்காரர் தமீம் மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்களின் தீப்பெட்டியும் கைப்பேசியும் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். எண்ணெய்க் கிடங்கில் ஒரு பொறி போதும்.

"இன்னா மேஸ்திரி இது, தெர்மாமீட்டர் மாதிரி கீது?"

"சுருட்டு."

"சுருட்டுக்கு வெள்ளிச் சட்டையா? என் நிக்காவுக்கே எனக்கு இப்டி ஒண்ணு எடுத்துத் தர்லபா."

"கியூபா சுருட்டு பாய். பத்திரமா வையி. பேரப்புள்ள சேதி வந்தா புடிக்கணும்."

"தாத்தாவுக்குச் சுருட்டு, சரி. அப்பனுக்கு இன்னா வெச்சிகிறே?"

பத்தடி பின்னால் அம்புரோஸ் தன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றான். அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் போட்டான். திருமலை திரும்பிப் பாராமல் உள்ளே போனார்.

நாலாம் எண் தொட்டி நிலத்துக்கு அடியில் இருந்தது. ஓர் ஆள் நுழையும் அளவு துளை. அதிலிருந்து இருட்டுக்குள் இறங்கும் இரும்பு ஏணி. அடியில் முழங்காலளவு எண்ணெய்க் கசடு. அதை வாரி வாளியில் ஏற்றும் ஐந்து பேர் குழுவுக்குத் திருமலை மேஸ்திரி. துளை வாயிலில் ஓர் ஆள் எந்நேரமும் நின்று, உள்ளே இருப்பவர்களைக் கவனிக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. ஒப்பந்தக்காரர் அந்த ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பலகையை நிறுத்தினார். இறங்குகிறவன் தன் வில்லையைப் பலகையின் ஆணியில் மாட்டுவான். ஏறி வருகிறவன் எடுத்துக்கொள்வான். வேலையை மேற்பார்வையிடும் பொறியாளர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து பலகையைப் பார்ப்பார். ஆளைப் பார்க்க மாட்டார். பலகை விடுப்புக் கேட்பதில்லை, சம்பளமும் கேட்பதில்லை.

அந்தப் பலகைக்கு ஏற்ற கள்ளத்தனமும் விரைவிலேயே வந்துவிட்டது. புகை பிடிக்க வெளியே நழுவுகிறவன் வில்லையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போவான். பொறியாளர் கணக்கில் அவன் தொட்டிக்குள் இருப்பான். இந்தப் பழக்கத்துக்காகத் திருமலை பலரைத் திட்டியிருக்கிறார். ஒருவனை அறைந்தும் இருக்கிறார்.

பத்தே முக்கால் மணிக்கு மூச்சு வாங்க மேலே ஏறினார். மற்ற நால்வரும் கீழே இருந்தார்கள். ஏணியில் நின்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். தலைவிளக்கின் வெளிச்சத்தில், குனிந்து வாரிக்கொண்டிருந்த அம்புரோஸின் முதுகு தெரிந்தது. துளையை விட்டு வெளியே வந்தபோது, தொலைவில் வாயிலில் நின்ற தமீம் கையைக் காதருகே வைத்துக் காட்டினார்.

திருமலை ஓடினார். ஆணியில் அவருடைய முதலாம் எண் வில்லை அப்படியே தொங்கியது.

"மதி நைனா" என்று கணவரை அழைத்தாள் ராஜாத்தி கைப்பேசியில். குரல் அழுதது, ஆனால் அது நல்ல அழுகை. "பொண்ணு. பத்தரை மணிக்கு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. மூக்கு உன்னுது. மத்ததெல்லாம் அவங்க அப்பா."

"எட எவ்ளோ?"

"எடய வுடு. மாப்ளைகிட்ட போயி சொல்லு. கண்ணு தொறந்ததுலேர்ந்து மதி அதயேதான் கேட்டுகினு கீறா. அவரு போன எடுக்க மாட்டாருன்னு அவளுக்குத் தெரியும். நைனா சொல்லுமான்றா. சொல்லுவியா?"

"சொல்றேன்."

கைப்பேசியைத் தந்துவிட்டு அவர் நின்றார். கால்கள் தொட்டியை நோக்கித் திரும்பத்தான் செய்தன. நெஞ்சு திரும்பவில்லை. அந்தச் சொல்லை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் சுருட்டு, அதற்குள் சொல் பழுத்துவிடும் என்று தோன்றியது.

"பாய், அந்தக் குழலயும் தீப்பெட்டியயும் எடு."

தமீம் எடுத்துத் தரவில்லை. "மொதல்ல அவன இட்டா மேஸ்திரி. அவன் புள்ள."

"சொல்லத்தான் போறேன். இது முடியட்டும்."

"அவன் உள்ள சகதி வாரிகினு கீறான். அவனுக்குப் பொண்ணு பொறந்தது எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியுது, அவனுக்குத் தெர்ல. நல்லாவா கீது?"

"எத்தினி நேரம் ஆயிடப் போவுது? குடு பாய்."

வில்லையின் நினைவு அப்போது வந்தது. போய் எடுத்து வரலாம். ஆனால் பொறியாளர் வந்து ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தால், மேஸ்திரி எங்கே என்று கேள்வி எழும். தொங்கட்டும். தாம் பிறரை அறைந்த தவற்றைத் தாமே செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. இது சாதாரண நாள் இல்லை என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே சாலையைக் கடந்தார். கடலரிப்புக்குக் கொட்டியிருந்த கருங்கற்களில் தட்டையான ஒன்றைத் தேடி உட்கார்ந்தார். குழாயடியில் கழுவிய கையை மீண்டும் வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டு குழலைத் திறந்தார்.

சிவப்பும் பொன்னும் கலந்த காகித வளையம் சுருட்டின் வாய்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. மூடிய முனையைப் பிளேடால் மெல்லச் சீவினார். கடற்காற்றுக்கு உள்ளங்கையை அரணாக வைத்து, நுனியைத் தீக்குள் செருகாமல், தீக்கு மேலே பிடித்து உருட்டி உருட்டி வாட்டினார். மூன்று குச்சிகள் ஆயின. நான்காவதில் நுனி முழுவதும் ஒரே சீராகக் கனன்றது.

புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் நிறுத்திச் சுவைத்துவிட்டு விட வேண்டும். கப்பல்காரர் காட்டிக் கொடுத்தது நினைவிருந்தது. முதல் இழுப்பில் மழைக்குப் பிந்தைய மண்ணின் மணம். அடுத்து வறுத்த காப்பிக்கொட்டை. அதற்கடுத்து, பாகு முறுகும் வேளையில் வெல்லத்திலிருந்து எழுமே, இனிப்போடு சேர்ந்த ஒரு கசப்பு, அது நாக்கின் அடியில் போய் நின்றது. வழக்கமாக அவர் பிடிக்கும் சுருட்டு தொண்டையை அறுக்கும். இது தொண்டையைத் தொடவே இல்லை. சாம்பல் வெண்மையாக, உதிராமல், ஓர் அங்குலம் வளர்ந்து நின்றது.

துறைமுகத்துக்குள் நுழைய முறை வராத கப்பல்கள் தொலைவில் நின்றன. பெண் குழந்தை. மூக்கு தம்முடையது. கையில் சுருட்டோடு திருமலை தனியாகச் சிரித்தார்.

"மாப்ளே" என்று சொல்லிப் பார்த்தார். குரல் கரகரத்தது. "மாப்ளே, பொண்ணு பொறந்துகிது." சரியாக வரவில்லை. "இன்னா மாப்ளே, அப்பனாயிட்டே." இது பரவாயில்லை. இதைச் சொன்னதும் அம்புரோஸின் முகம் எப்படி ஆகும் என்று எண்ணிப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று அப்போதே ஒருமுறை தோன்றியது. சுருட்டில் பாதி மீதமிருந்தது. அணைத்தால் மறுபடி பற்றவைக்கும்போது நாறும் என்று கப்பல்காரர் சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்தார். தீ வளையத்தை நெருங்கியபின்னும் இன்னும் கொஞ்சம் என்றே உட்கார்ந்திருந்தார்.

கிடங்கின் சங்கு ஊதியது.

அவர் ஓடிப் போனபோது நாலாம் தொட்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. குழுவில் ஒருவனான நசீர் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து திருமலையைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே இருந்தான்.

"நீ வெளியவா இருந்தே?"

"இன்னாடா ஆச்சு?"

"உள்ள காத்து ஊதற புளோயர் நின்னுபோச்சு மேஸ்திரி. மூச்சு முட்டிச்சு. நாங்க நாலு பேரும் ஏறி வந்து டோக்கன எட்த்துகினோம். ஒண்ணாம் நம்பர் தொங்கிகினே இருந்துச்சு. இஞ்சினியர் ஓடியாந்து பலகையப் பாத்துட்டு, மேஸ்திரி உள்ள கீறாருன்னாரு. மாஸ்க்கு எங்கன்னா, ஜீப்புல பூட்டிக் கீதுன்னாரு. ஃபயர் சர்வீஸ் வர்ட்டும்டான்னு நான் கையப் புட்ச்சி இஸ்தேன். அம்புரோஸு நிக்கல. துண்ட வாய்ல கட்டிகினு எறங்கிட்டான்."

திருமலை துளையை நோக்கி ஓரடி வைத்தார். இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாமா, மாமான்னு கூப்டுகினே போனான்" என்றான் நசீர். "கொஞ்ச நேரம் கேட்டுது. அப்பால கேக்கல."

தீயணைப்பு வீரர்கள் அம்புரோஸை மேலே கொண்டுவந்தபோது மணி பன்னிரண்டரை. முகத்தில் கட்டியிருந்த துண்டு கசட்டில் ஊறிக் கறுத்திருந்தது. ஒருவர் அவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அவசரமில்லாமல் எழுந்தார். அந்த அவசரமின்மையிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் போனபின், பொறியாளர் திருமலையைக் கிடங்கு அலுவலக அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். முப்பது வயதுக்குள் இருக்கும், ஆனால் பேச்சு தடுமாறவில்லை.

"போலீஸ் வந்துகிட்டிருக்கு மேஸ்திரி. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க வெளிய போய் சுருட்டு பிடிச்சீங்கன்னு வந்தா, முதல் குற்றவாளி நீங்கதான். உங்க டோக்கனாலதான் அவன் எறங்கினான். உங்க பொண்ணு அத வாழ்நாளெல்லாம் கேட்டுகிட்டே இருக்கணுமா?"

திருமலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க உள்ளதான் இருந்தீங்க. பத்தரையிலேர்ந்து. பதினோரு மணி வாக்குல மயங்கி விழுந்தீங்க. அவன் உங்கள ஏணியில ஏத்தி விட்டான். அப்புறம் அவனுக்கு மூச்சு நின்னுபோச்சு. உங்க பேத்தி பெரியவளானா, எங்கப்பா தாத்தாவக் காப்பாத்தினாருன்னு சொல்லிக்கும். மத்த பசங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

புளோயர் ஏன் நின்றது, முகமூடி ஏன் வண்டிக்குள் பூட்டிக் கிடந்தது, துளை வாயிலில் நிற்க வேண்டிய மனிதன் எங்கே போனான் என்று கேட்க அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். கேட்பதற்கு அவருக்கு வாய் இல்லாமல் போயிற்று. ஒரு மனிதனின் குற்றவுணர்வைக் காட்டிலும் மலிவான கூலியாள் முதலாளிகளுக்குக் கிடைப்பதில்லை. அது அவர்கள் சொன்ன வேலையெல்லாம் செய்யும்.

பொறியாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கை ரொம்ப சுத்தமா இருக்கு. வெளிய வாளியில சகதி இருக்கு, பூசிக்கோங்க. வாயையும் கொப்பளிச்சுடுங்க. வாசனை வருது."

திருமலை வாளியில் கையை முக்கினார். மணிக்கட்டுவரை போனது போதாதென்று, முழங்கைவரை தாமே இறக்கினார். அதே கையால், பொறியாளர் எழுதி வைத்த வாக்குமூலக் காகிதத்தில் ஒப்பமிட்டார்.

தளர்ந்து நடந்து வாயிலுக்கு வந்தபோது தமீமின் மரப்பெட்டிக்குள் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. தமீம் எடுத்து நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நைனா." மதியின் குரல் களைத்துப்போய், கனிந்து இருந்தது. "அம்மா போன வாங்கி நான்தான் பேசறேன். பாப்பா தூங்குது. அவருகிட்ட சொல்லிட்டியா?"

திருமலை கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நைனா? சொல்லலியா? இன்னும் சொல்லாமலா கீறே?"

"சொன்னேம்மா."

"நெசமாவா? இன்னா சொன்னாரு?"

கைப்பேசியில் கசடு ஒட்டிப் பிசுபிசுத்தது. "சிரிச்சாரு" என்றார்.

"அவ்ளோதானா?"

"மாப்ள கண்ணு கலங்கிட்டாரும்மா."

மறுமுனையில் மதி மெல்லச் சிரிப்பது கேட்டது. சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையானது. "இன்னா சொன்னே இப்ப? மாப்ளன்னியா? அவரு மூஞ்சிக்கு நேராவும் அப்டிதான் கூப்ட்டியா?"

"ஆமா."

"எப்ப? எத்தினி மணிக்கு? அவங்க அம்மா கேக்கும் நைனா, சேதி கேட்டப்ப எம் புள்ள இன்னா பண்ணிகினு இருந்தான்னு ஒண்ணொண்ணா கேக்கும். நான் சொல்லணும்."

"பதினோரு மணி இருக்கும். வெளிய இட்டாந்து சொன்னேன்."

"சரி. சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. ஒரே பஸ்ல, பக்கத்துப் பக்கத்துல உக்காந்துகினு வரணும், சொல்லிட்டேன்."

இணைப்பு அறுந்தது. லாரிகளின் இரைச்சல் திரும்பி வந்தது.

தமீம் கைப்பேசியை வாங்கித் துணியால் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். "மேஸ்திரி" என்றார், "பதினோரு மணிக்கு நீ டேங்க்குக்குள்ள மயங்கிக் கெடந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கியாமே. நசீரு சொல்லிட்டுப் போறான்."

திருமலை தரையில் குந்தினார்.

"பொண்ணுகிட்ட, பதினோரு மணிக்கு அவன வெளிய இட்டாந்து சேதி சொன்னேன்றே. ரெண்டும் எப்டிபா ஒண்ணா நிக்கும்? கேட் வாச்மேன்னு என்னையும் கூப்டு கேப்பாங்க. நான் கண்ணால பாத்தது மூணாவது ஒண்ணு. அத்த நான் எங்க வெக்கறது, சொல்லு."

"பாய்..."

"கெஞ்சாத மேஸ்திரி. அவன இட்டான்னு கெஞ்சினது நானு."

அப்போது சாலையின் எதிர்ப்புறத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அடைக்கலமேரி இறங்கினாள். குளித்து, தலைவாரி, புதுப்புடவை கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்க வேண்டும். கையில் மிட்டாய்க்கடைப் பெட்டி. லாரிகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகச் சாலையைக் கடந்து வந்தாள்.

"இன்னா சம்மந்தி, வேலையெல்லாம் நிறுத்தியாச்சா? ஒரே ஜனமா கீது?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்க எம் புள்ள? ஒத்தப் போன் பண்ல பாரு. பொண்ணு பொறந்தத நானே அவன் வாய்ல ஸ்வீட்டு போட்டு சொல்லலாம்னு ஓடியாந்தேன். இல்ல, நீ மின்னாடியே சொல்லிட்டியா?"

அவள் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள். பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்த விரல்கள் மெதுவாயின.

தமீம் எழுந்தார். தமது நாற்காலியை முன்னால் இழுத்து, அவள் உட்காருவதற்காகப் போட்டார்.